காமெடி நடிகருக்கு முகமூடி பொருந்துமா?

பழைய சூப்பர் ஹீரோ கதையை இன்றைய ரசிகர்களுக்காகத் திரும்ப எடுக்கும்போது ஒரு காமெடி நடிகரை நாயகனாகப் போட்டால் அந்தப் பாத்திரமே கெட்டுப்போகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். உதாரணமாக 2011-இல் வந்த 'தி கிரீன் ஹார்னெட்' படத்தையும் அதில் நடித்த சேத் ரோகனையும் சொல்லியிருக்கிறீர்கள்.

அந்தப் படம் சரியாக வரவில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரோகன் காமெடி நடிகர் என்பதுதான் காரணம் என்றால் ஒத்துக்கொள்ள முடியாது. ஏனென்றால் இந்தக் கேள்விக்கான மிகப் பெரிய பரீட்சை அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. 1989-இல் வந்த 'பேட்மேன்' படத்தில் நாயகனாக அந்தப் பரீட்சையை எழுதியவர் மைக்கேல் கீட்டன். அவருக்கு வந்த எதிர்ப்பு ரோகனுக்கு வந்ததைவிடப் பல மடங்கு பெரியது.

இரண்டு படங்களுக்கும் வேர் ஒரே இடத்தில் இருக்கிறது, அங்கிருந்தே தொடங்குகிறேன். 1966-இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் வில்லியம் டோஷியர் என்ற தயாரிப்பாளர் இரண்டு முகமூடி நாயகர்களைக் கொண்டுவந்தார். ஜனவரியில் 'பேட்மேன்', செப்டம்பரில் 'தி கிரீன் ஹார்னெட்'. முதலாவது முழுக்க முழுக்கக் கேலிக்கூத்து. குத்து விழும்போதெல்லாம் அந்தச் சத்தம் எழுத்தாகத் திரையில் வெடிக்கும். பேட்மேனாக வரும் ஆடம் வெஸ்ட் முகத்தில் துளி சிரிப்பு இல்லாமல் அபத்தமான வசனங்களைப் பேசுவார், பார்ப்பவர்களுக்கு வயிறு வலிக்கும். இரண்டாவதை அதே டோஷியர் நேர்மாறாக எடுத்தார். இரவில் கிரீன் ஹார்னெட்டாக மாறும் பத்திரிகை அதிபர் பிரிட் ரீடாக வான் வில்லியம்ஸ் விறைப்பாக நடித்தார். அவருடைய ஓட்டுநராகவும் கூட்டாளியாகவும் வரும் கேட்டோவாக நடித்தவர் அப்போது அமெரிக்காவில் யாருக்கும் அவ்வளவாகத் தெரியாத ப்ரூஸ் லீ. கேலி செய்த தொடர் 120 எபிசோடு ஓடியது. விறைப்பாக இருந்த தொடர் 26 எபிசோடோடு முடிந்துபோனது. ஹாங்காங்கில் மட்டும் அதைக் கேட்டோவின் தொடர் என்றே சொல்லிப் பார்த்தார்கள்.

இந்த இரண்டையும் சினிமாக்காரர்கள் பிற்பாடு திரும்ப எடுத்தபோது இரண்டிலும் காமெடி நடிகரைத்தான் போட்டார்கள். சிரிப்புக்குப் பெயர் போன பேட்மேன் இருண்ட படமாக மாறியது. விறைப்புக்குப் பெயர் போன கிரீன் ஹார்னெட் சிரிப்புப் படமாக மாறியது. ஒன்று நின்றது, இன்னொன்று நிற்கவில்லை. உங்கள் கேள்விக்கான பதில் இந்த வித்தியாசத்துக்குள்தான் இருக்கிறது.

1988-இல் நிலைமை எப்படி இருந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆடம் வெஸ்ட் தொடர் பேட்மேனை ஒரு நகைச்சுவைப் பொருளாக ஆக்கிவிட்டது என்று காமிக்ஸ் ரசிகர்களுக்கு இருபது வருடக் கோபம். 1986-இலிருந்து காமிக்ஸில் பேட்மேன் மறுபடி இருண்டவனாக, வயதானவனாக, காயம்பட்டவனாக வரத் தொடங்கியிருந்தான். அவர்களுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதே 1988 செப்டம்பரில் காமிக்ஸ் நிறுவனம் பேட்மேனின் கூட்டாளி ராபின் சாக வேண்டுமா பிழைக்க வேண்டுமா என்று தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தியது. சாகட்டும் என்று 5,343 பேர், பிழைக்கட்டும் என்று 5,271 பேர். 72 ஓட்டு வித்தியாசத்தில் ராபினின் கதை முடிந்தது. ரசிகர்கள் அந்த மனநிலையில் இருந்த நேரத்தில் வந்த செய்திதான், பேட்மேனாக மைக்கேல் கீட்டன் நடிக்கிறார் என்பது.

கீட்டன் அப்போது யார்? 1983-இல் வந்த ஒரு படத்தில் வேலை போய் வீட்டில் உட்கார்ந்து, குழந்தைகளோடும் வாஷிங் மெஷினோடும் போராடும் அப்பா. 1988 மார்ச்சில் வந்த 'பீட்டில்ஜூஸ்' படத்தில் பூசணம் பிடித்த முகத்தோடு காட்டுக் கூச்சல் போடும் பேய். உயரமும் சாதாரணம், உடம்பும் சாதாரணம், தாடையும் சாதாரணம். இயக்குநர் டிம் பர்ட்டனும் காமெடிப் படங்கள் எடுத்தவர். ஆக இரண்டு பேரும் சேர்ந்து பழைய கூத்தைத் திரும்ப அரங்கேற்றப் போகிறார்கள் என்றே எல்லோரும் முடிவு கட்டினார்கள். படத்தை எடுத்த வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் அலுவலகத்துக்குச் சுமார் 50,000 எதிர்ப்புக் கடிதங்கள் வந்ததாகச் சொல்வார்கள். இணையம் இல்லாத காலம் அது. ஒவ்வொன்றும் ஒருவர் உட்கார்ந்து எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பியது. நவம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அதை முதல் பக்கச் செய்தியாகவே போட்டது. நிறுவனம் பதறிப்போய், படப்பிடிப்பு முடிவதற்கு முன்பே கிடைத்த காட்சிகளை வெட்டி ஒட்டி, இசைகூடச் சேர்க்காமல் ஒரு முன்னோட்டத்தை கிறிஸ்துமஸ் சமயத்தில் தியேட்டர்களுக்கு அனுப்பியது.

அந்த ரசிகர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அந்தப் பாத்திரத்தின் மேல் உண்மையான பாசம் இருந்தது. ஒரு விஷயத்தைத்தான் கவனிக்காமல் விட்டார்கள். அதே 1988-இல் போதைப் பழக்கத்திலிருந்து மீள முடியாமல் தவிக்கும் ஒரு மனிதனாகவும் கீட்டன் நடித்திருந்தார். அதற்கும் பீட்டில்ஜூஸுக்கும் சேர்த்து அமெரிக்காவின் தேசியத் திரைப்பட விமர்சகர்கள் சங்கம் அவரை அந்த ஆண்டின் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுத்தது. ஒரு நாள் பேயாகவும் மறுநாள் நோயாளியாகவும் நிற்கத் தெரிந்தவர் என்பது கண்ணெதிரே இருந்தது.

பர்ட்டன் சொன்ன காரணம் மிக எளிமையானது, எனக்கு இன்றும் பிடித்தது. மலை மாதிரி உடம்பும் இரும்புத் தாடையும் உள்ள ஒருவன் எதற்கு வௌவால் வேஷம் போட வேண்டும்? அவனே போய் நின்றால் எதிரி ஓடிவிடுவான். வேஷம் யாருக்குத் தேவை? வேஷம் இல்லாமல் யாரையும் பயமுறுத்த முடியாதவனுக்கு. பேட்மேனைக் கண்டுபிடிப்பது எளிது, முகமூடிக்குள் இருக்கும் பணக்காரன் ப்ரூஸ் வேய்னைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம் என்று புரிந்துகொண்ட இயக்குநர் அவர். ரசிகர்கள் முகமூடிக்கு ஆள் தேடினார்கள், பர்ட்டன் முகமூடியைக் கழற்றினால் உள்ளே யார் இருப்பார் என்று தேடினார்.

படத்தில் இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு காட்சி போதும். ப்ரூஸ் வேய்ன், விக்கி வேல் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரியைத் தன் மாளிகைக்கு விருந்துக்கு அழைக்கிறான். ரயில் பெட்டி நீளத்துக்கு ஒரு சாப்பாட்டு மேசை. இந்தக் கோடியில் அவன், அந்தக் கோடியில் அவள். நடுவில் பேச்சே எட்டவில்லை. அவள் உப்பு கேட்கிறாள். அவன் எழுந்து உப்பை எடுத்துக்கொண்டு அத்தனை தூரமும் நடந்து வருகிறான். இந்த அறையில் சாப்பிடுவது உங்களுக்குப் பிடிக்குமா என்று அவள் கேட்டதும், பிடிக்கும் என்று சட்டென்று சொல்லிவிடுகிறான். ஒரு சின்ன இடைவெளி. அப்புறம் உண்மையைச் சொல்கிறான்: இந்த அறைக்குள் நான் வந்ததாகவே ஞாபகம் இல்லை. அடுத்து இரண்டு பேரும் சமையலறைக்குப் போய் வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட்டோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

தியேட்டரில் இதற்குச் சிரிப்பு வரும். ஆனால் என்ன தெரிந்துகொண்டோம் என்று பாருங்கள். இவ்வளவு பெரிய வீட்டில் இவன் வாழவே இல்லை. அப்பா அம்மா செத்த நாளிலிருந்து இந்த வீடு இவனுக்கு ஒரு கூடுதான். இதை ஒரு பக்க வசனமாகவும் எழுதியிருக்கலாம். கீட்டன் அந்த ஒரு இடைவெளியில் சொல்லிவிட்டார். பொய் சொல்லும்போது முகம் ஒரு மாதிரி, அந்தப் பொய் தனக்கே பிடிக்காமல் போகும்போது ஒரு மாதிரி, உண்மை வெளியே வரும்போது இன்னொரு மாதிரி. இதெல்லாம் இரண்டு விநாடிக்குள் நடக்கிறது. அந்த இரண்டு விநாடியை எங்கே நிறுத்துவது, எங்கே விடுவது என்பதற்குப் பெயர்தான் டைமிங். வருடக்கணக்காகக் காமெடி செய்தவர்களின் கையில் அது எப்போதும் தயாராக இருக்கும். சிரிப்புக்காகக் கற்றுக்கொண்ட அந்தக் கணக்கை அவர் இங்கே தனிமையைக் காட்டச் செலவழிக்கிறார்.

இன்னொரு இடம். விக்கியின் வீட்டுக்கு வந்து, நான்தான் பேட்மேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று ப்ரூஸ் தவிக்கிறான். வாயைத் திறக்கிறான், வார்த்தை வரவில்லை. சுற்றிச் சுற்றி நடக்கிறான். அதற்குள் வில்லன் ஜோக்கர் ஆட்களோடு வந்துவிடுகிறான். ப்ரூஸ் ஒரு வெள்ளித் தட்டை எடுத்துச் சட்டைக்குள் மறைத்துக்கொள்கிறான், கணப்படுப்புக் கம்பியைக் கையில் எடுக்கிறான், பைத்தியம் பிடித்தவனைப் போல ஒரு பூச்சாடியை உடைத்துக் கத்துகிறான். நீ பைத்தியமென்றால் நானும் பைத்தியம், வா பார்க்கலாம் என்கிற கத்தல் அது. இரும்புத் தாடை நடிகர் யாராவது இதைச் செய்திருந்தால் வீரம் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். கீட்டன் செய்யும்போது பயமாக இருக்கிறது. இவனுக்கு உள்ளேயும் ஏதோ ஒன்று சரியில்லை, ஜோக்கருக்கும் இவனுக்கும் இடையே உள்ள கோடு மெல்லியது என்று தோன்றிவிடுகிறது. பீட்டில்ஜூஸில் பார்த்த அதே வெறிதான். அங்கே அவிழ்த்துவிட்டிருந்தார், இங்கே கட்டி வைத்து ஒரு நிமிடம் மட்டும் கதவைத் திறந்து காட்டுகிறார்.

உடையையும் சொல்ல வேண்டும். ரப்பர் கவசம் போட்டால் கழுத்தைத் திருப்ப முடியாது, காது சரியாகக் கேட்காது. கீட்டனுக்கு அடைபட்ட இடத்தில் இருந்தால் மூச்சு முட்டும். அந்த அவஸ்தையையே அவர் பிடித்துக்கொண்டார். தலையைத் திருப்ப முடியாததால் தோளோடு மொத்த உடம்பையும் திருப்பினார், அது ஒரு சிலை திரும்புவதைப் போல இருந்தது. ப்ரூஸாகப் பேசும் குரலை இறக்கி, பேட்மேனுக்கு ஒரு தாழ்ந்த கிசுகிசுப்பு வைத்துக்கொண்டார். முகமூடி போட்டால் ஒரு நடிகருக்கு மிஞ்சுவது கண்ணும் வாயும் மட்டுமே. உடம்பை வைத்தே பாத்திரத்தைக் கட்டத் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு அனுகூலம் இருக்கிறது. வாஷிங் மெஷினோடு சண்டை போட்டுச் சிரிக்க வைப்பதும், திருப்ப முடியாத கழுத்தை வைத்துப் பயமுறுத்துவதும் ஒரே தொழில்தான்.

1989 ஜூன் 23-இல் படம் வந்தது. உலகம் முழுவதும் 41 கோடி டாலருக்கு மேல் வசூல். கடிதம் எழுதியவர்களில் பலர் வரிசையில் நின்று பார்த்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, 2011-க்கு வருவோம். ரோகன் அந்தப் படத்தின் நாயகன் மட்டும் இல்லை, தன் நண்பர் எவன் கோல்ட்பர்க்குடன் சேர்ந்து கதையையும் எழுதியவர். முதலில் ஹாங்காங்கின் ஸ்டீபன் சௌ இயக்கி, கேட்டோவாகவும் நடிப்பதாக இருந்தது. அவர் விலகிக்கொள்ள, இயக்கம் மிஷேல் கோண்ட்ரியிடமும், கேட்டோ பாத்திரம் தைவான் பாடகர் ஜே சௌவிடமும் போனது. வில்லனாக வர வேண்டிய நிக்கோலஸ் கேஜும் விலகி, கிறிஸ்டாஃப் வால்ட்ஸ் வந்தார். பாத்திரத்துக்காக ரோகன் கணிசமாக எடையைக் குறைத்தார். உழைப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. மையமாக எடுத்துக்கொண்ட எண்ணமும் நல்ல எண்ணம்தான்: நாயகனுக்கு ஒன்றுமே தெரியாது, காரைச் செய்வதும் சண்டை போடுவதும் எல்லாம் கேட்டோ, பெயர் மட்டும் முதலாளிக்கு. 1966-இல் ப்ரூஸ் லீயைப் பார்த்தவர்கள் மனதில் நினைத்ததைத்தான் இந்தப் படம் வாய்விட்டுச் சொன்னது.

ஆனால் கிரீன் ஹார்னெட் என்ற பாத்திரத்தின் உயிர் எதில் இருக்கிறது? 1936-இல் டெட்ராய்ட் வானொலியில் பிறந்த நாளிலிருந்து அவனுடைய தனித்தன்மை ஒன்றே ஒன்றுதான். ஊரும் போலீசும் அவனைக் குற்றவாளி என்று நம்புகின்றன. பகலில் மரியாதையான பத்திரிகை முதலாளி, இரவில் கொள்ளைக்காரனாக நடித்துக் கொள்ளைக்காரர்களுக்குள் நுழைபவன். அதாவது ஒரு பொய்யை முகம் மாறாமல் தாங்கி நிற்க வேண்டியவன். எனக்குத் தெரிந்து சூப்பர் ஹீரோ கதைகளில் ஒரு நல்ல காமெடி நடிகருக்கென்றே எழுதியது போன்ற பாத்திரம் இது. உள்ளே நடுங்கிக்கொண்டு வெளியே ரவுடியாக நிற்பதில் எவ்வளவு சிரிப்பு இருக்கிறது, எவ்வளவு பயம் இருக்கிறது! ரோகனின் பிரிட் ரீடோ எதையும் உள்ளே வைத்துக்கொள்வதில்லை. மனதில் தோன்றுவதெல்லாம் உடனே வாயில் வந்துவிடுகிறது. ரோகனின் மற்ற படங்களில் அந்த வாய்தான் அழகு. இங்கே அது பாத்திரத்தின் அடித்தளத்தையே அரித்துவிடுகிறது.

இரண்டாவது சிக்கல், சிரிப்பை யாரிடம் கொடுப்பது என்பது. பர்ட்டன் படத்தில் சிரிப்பையெல்லாம் ஜாக் நிக்கல்சனின் ஜோக்கரிடம் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் ஆள் சாகிறான். அதனால் கீட்டன் சிரிக்க வைக்க வேண்டிய அவசியமே வரவில்லை, அமைதியாக இருந்தாலே போதும். 2011 படத்தில் நாயகனும் காமெடி, வில்லனும் காமெடி. வால்ட்ஸின் வில்லனுக்கு இருக்கும் கவலையே, யாரும் தன்னைப் பார்த்துப் பயப்படுவதில்லையே என்பதுதான். தனியாகப் பார்த்தால் ரசிக்கத்தக்க எண்ணம். ஆனால் இரண்டு பக்கமும் விளையாட்டு என்றால் நாம் யாருக்காகப் பயப்படுவது? துப்பாக்கி வெடிக்கும்போதும் பிரிட் பேசிக்கொண்டே இருக்கிறான், நமக்கும் அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்துவிடுகிறது. பயம் இல்லாத இடத்தில் சிரிப்பும் சீக்கிரம் சலித்துவிடும்.

படம் ஒரேயடியாகத் தோற்றுவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உலக அளவில் 22 கோடி டாலருக்கு மேல் வந்தது. ஆனால் செலவே 11, 12 கோடி டாலரைத் தொட்டிருந்ததால் அடுத்த பாகத்துக்கு வழியில்லாமல் போனது.

இதற்குப் பின்னால் வந்தவர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கிறிஸ் பிராட், பால் ரட் எல்லோரும் காமெடியிலிருந்து வந்தவர்கள், இன்று அவர்களை யாரும் கேள்வி கேட்பதில்லை. ரையன் ரெனால்ட்ஸ் கதையை மட்டும் கவனியுங்கள். 2009-இல் ஒரு வுல்வரின் படத்தில் அவருக்கு டெட்பூல் பாத்திரத்தைக் கொடுத்தார்கள். காமிக்ஸில் ஓயாமல் பேசுவதற்கென்றே பெயர் எடுத்த பாத்திரம் அது. படத்தின் முடிவில் அதன் வாயைத் தைத்து மூடிவிட்டார்கள். 2016-இல் அதே நடிகர், அதே பாத்திரம், இந்த முறை வாயைத் திறந்துவிட்டார்கள். 5.8 கோடி டாலரில் எடுத்த படம் 78 கோடி டாலர் சம்பாதித்தது. அங்கே பேச்சுதான் பாத்திரம், அதனால் பேசியவர் ஜெயித்தார். கிரீன் ஹார்னெட்டில் மறைப்புதான் பாத்திரம்.

ஆகவே அடுத்த முறை இப்படி ஒரு அறிவிப்பு வரும்போது, நடிகர் இதற்கு முன் எத்தனை பேரைச் சிரிக்க வைத்தார் என்று நான் பார்ப்பதில்லை. யார் எழுதுகிறார்கள், வில்லன் யார், முகமூடி இல்லாத காட்சிகள் எத்தனை என்றுதான் பார்ப்பேன். அந்த நடிகர் பேசாமல் நின்ற ஒரு காட்சியைப் பழைய படங்களில் தேடிப் பார்ப்பேன். ஒன்று கிடைத்தாலும் எனக்கு நம்பிக்கை வந்துவிடும்.

ரோகன் விஷயத்தில் அப்படி ஒரு காட்சி 'கிரீன் ஹார்னெட்' படத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் எனக்கு இன்னும் வருத்தம். அப்பா செத்துப்போய், இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள் காலை. பிரிட் எழுந்து காப்பியை வாயில் வைக்கிறான், குடிக்க முடியவில்லை. தினமும் நுரை மேல் இலை வரைந்து வரும் காப்பி இன்று ஏன் இப்படி இருக்கிறது என்று வீட்டையே இரண்டாக்குகிறான். முந்தின நாள் வேலைக்காரர்களை எல்லாம் அவனே அனுப்பிவிட்டான், காப்பி போட்டுக்கொண்டிருந்த கேட்டோவும் அதில் போய்விட்டான். அப்பாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன் ஒரு கோப்பைக் காப்பிக்காகத் துடிக்கிறான். தன் வீட்டில் யார் இருந்தார்கள், யார் தன்னைப் பார்த்துக்கொண்டார்கள் என்பதே தெரியாமல் இவ்வளவு நாள் இருந்திருக்கிறான். கீட்டனின் சாப்பாட்டு மேசைக்கு இணையாக வைக்கக்கூடிய இடம் இது. அந்தக் காப்பிக் கோப்பையை ரோகன் இன்னும் இரண்டு விநாடி பேசாமல் பார்த்திருக்கலாம்.